கயிற்றின் மேல்நுனி

தூத்துக்குடியில் யாரோ ஒருவர் ஜீப்புக்கு மூக்கணாங்கயிறு போட்டு ஓட்டுகிறாராம் என்ற பேச்சு, 1948-ஆம் வருஷம் ஒரு தோணியில் ஏறிக் கொழும்பில் வந்து இறங்கியது. கொண்டு வந்தவர் அந்தத் தோணியில் சமையல் பார்த்த பெரியவர். செட்டித்தெருவில் நாங்கள் சிலர் டீ குடிக்கும் கடையில்தான் அதை அவிழ்த்தார்.

"நான் கண்ணால பாக்கல. எங்க மச்சினன்ட்ட ஒரு உப்பளத்துக்காரன் சொல்லியிருக்கான். கயித்த ஒரு பொம்பள பிடிச்சிருக்காளாம். அவ இழுத்தா வண்டி ஓடுதாம். அவ இழுத்தா நிக்குதாம்."

"அப்ப ஓட்டுதவனுக்கு என்ன சோலி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அவன் சும்மா ஸ்டீரிங்கு வட்டத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கான்."

கடை முழுக்கச் சிரித்தது. எங்கள் கரையில் ஜீப் வைத்திருந்த ஒரே கடல்காரர் என் அக்காள் பிலோமியின் புருஷன், சிலுவை மச்சான். கயிறு பிடித்த பெண் அக்காளைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது. சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மச்சானுக்கு இரண்டு காதும் கேட்காது. அவர் மணலிலும் எங்கள் தெருவிலும் மட்டும்தான் வண்டி ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துக்காரன் பார்த்திருக்கிறான் என்றால், உப்பளத்தை ஒட்டிய பெரிய ரோட்டுக்கே வந்துவிட்டார்.

அந்த வாரமே கம்பெனியில் லீவு கேட்டேன். அக்கரைக்குப் போய் வருவதற்கே ஆயிரம் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன்.

மச்சான் சங்கு குளித்தவர். எங்கள் கரையில், தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கை விதவையாக எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்கிற நம்பிக்கை. எங்கள் மூத்தவன் ரோச்தான் மச்சானுக்குப் பிடித்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் எனக்கு அந்த வேலை வரவில்லை.

அடியில் பேச்சு கிடையாது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால், நலம், நடக்கட்டும். இரண்டு இழுப்பு என்றால், போதும், நிறுத்து. இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டே இருந்தால், பெரிதாக ஏதோ பக்கத்தில் வருகிறது, அசையாதே. மற்ற நேரமெல்லாம் கயிறு தொய்வாகத்தான் கிடக்கும். ரோச் பிடித்தால் கயிறு இருப்பதே தெரியாது என்று மச்சான் சொல்லுவார். அதைவிடப் பெரிய புகழ்ச்சி அந்தத் தொழிலில் கிடையாது.

ஆழம் காதைத் தின்னும். ஒரு பருவத்தில் இடது காதில் ரத்தம் வந்தது. பிறகு வலது காதில். யுத்தம் முடிகிற சமயம் இரண்டும் அடைத்துப்போயின. ரோச்சும் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். மச்சான் கரையேறினார்.

காது போனபின் தன் குரலின் அளவு அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் பிலோமியின் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஏளா, சாமியாருக்குத் தொப்ப போட்டுட்டு" என்றார். கோயில் முழுக்கத் திரும்பியது. சாமியாரும் திரும்பினார். அன்றிலிருந்து மச்சான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேசிப் பழகியவர்; வீட்டுக்குள் வாய் மூடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று அக்காள் சொன்னாள்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகளை ஏலம் போட்டார்கள். மச்சான் வேடிக்கை பார்க்கத்தான் போனார். அக்காளும் கூடப் போனாள். ஏலக்காரன் ஒரு ஜீப்பைக் கிளப்பிக் காட்டினான். மச்சான் போகிற போக்கில், அதிர்ந்துகொண்டிருந்த அதன் எஞ்சின் மூடிமேல் கையை வைத்தார்.

"அவிய அப்படியே நின்னுட்டாவ" என்பாள் பிலோமி. "'கேக்குதுளா, கேக்குது'ன்னாவ. அங்கன நின்ன அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு ஒரே வெக்கம். அழுகயும் வந்துட்டு."

வள்ளத்தில் அவருக்கிருந்த பங்கு, ஜீப்பாக மாறி வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் வந்து நின்றது.

மோட்டார் வேலை தெரிந்தவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். மச்சான் அதை வள்ளத்தைப் போலவே வைத்துக்கொண்டார். உப்புக்காற்று இரும்பைத் தின்னாமலிருக்க, அடிப்பாகம் முழுக்கச் சுறா எண்ணெய் பூசினார். அந்த வாடைக்குத் தெருப் பூனைகளெல்லாம் கொட்டகையில் குடியேறின. கிளம்புமுன் சீட்டுக்கடியிலிருந்து பூனைகளை இறக்கிவிடுவது அக்காள் வேலை. கிழிந்துபோன பட்டாளத்துக் கூரையைக் களைந்துவிட்டுப் பாய்த்துணியில் புதிதாகத் தைத்து மாட்டினார். காற்று எதிர்த்து அடித்தால் பாயைச் சுருக்குவதுபோலச் சுருக்கிக் கட்டலாம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவார். "கொழம்புக்கு மஞ்சள் இல்ல, வண்டிக்கு இருக்கு" என்று அக்காள் முணுமுணுப்பாள். அது அவருக்குக் கேட்காது என்பதால் தைரியமாகவே முணுமுணுப்பாள்.

எஞ்சினை அவர் பல்லால் கேட்டார். நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். முகம் ஒருமாதிரி இளகிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் தப்பு செய்தார். வண்டி வந்த வருஷம் நான் லீவில் போயிருந்தபோது, டயர்கள் தேய்ந்து வழுக்கையாகக் கிடந்தன. நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் கம்பியை அவர் எப்போதுமே போட்டே வைத்திருந்தார். டாஷ்போர்டில் ஒரு தகடு. அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் படித்துத் தமிழில் தரையில் சுண்ணாம்பால் எழுதிக் காட்டினேன்: கெட்டியான தரையில் முன்சக்கரங்களை விட்டுவிடவும்.

"நாலு கால் இருக்கையில ரெண்ட எதுக்கு மடக்கணும் மாப்ள?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

பிறகு ஓட்டிப் பார்த்தார். தெருவில் அதுவரை இருந்த உதறல் நின்றுபோனது. மறுநாள் அந்தத் தகட்டுக்குக் கீழே, வள்ளத்துக்குப் பேர் எழுதுகிற சிவப்புப் பெயிண்டில், 'மணலில் நாலு, தெருவில் ரெண்டு' என்று எழுதிவிட்டார்.

வள்ளங்களை மேட்டுக்கு இழுப்பது, சங்கு மூட்டைகளைக் கிடங்குக்குச் சேர்ப்பது என்று ஜீப்புக்கு வேலை இருந்தது. மாட்டுவண்டி புதைகிற மணலில் டயர் காற்றைப் பாதி இறக்கிவிட்டு மிதந்து போய்விடுவார். பிள்ளைவலி கண்ட பெண்களைத் செம்மணல் மேடுகளான தேரி ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் பொறுப்பும் தானாகவே அவர் தலையில் வந்து விழுந்தது. "எங்க வீட்டுல ரெண்டு பிள்ளையும் சுறா எண்ணெ வாடையிலதான் பொறந்துது" என்று பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் பெருமையாகவே சொல்லுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ரோட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அது அமெரிக்கக்காரன் செய்த வண்டி. ஓட்டுகிறவர் இடதுபக்கம் உட்காருவார். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போனால், எதிரே என்ன வருகிறது என்று வலதுபக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். வலதுபக்கம் பிலோமி. அவளுக்குத் தெரியும், பின்னால் ஹாரன் அடிப்பதும் கேட்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் வாயசைவைப் பார்க்க அவர் திரும்பினால் ரோட்டை யார் பார்ப்பது?

சுவரில் ரோச் மாட்டிவிட்டுப் போன கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்காள் அதை எடுத்து அவர் இடுப்பில் கட்டினாள். மச்சானுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தக் கயிற்றுக் கதையை, நான் பதறிக்கொண்டு போய் இறங்கிய அன்று, அக்காள் மீன் அறுத்துக்கொண்டே சிரிப்போடு சொன்னாள். "மந்திரமுமில்ல தந்திரமுமில்ல. நீயும் அவருக்கு மச்சினன்தானலே? இன்னைக்கு நீ பிடி. பிடிச்சுப் பாத்தா ஒம் பயம் போயிரும்."

பிடித்தேன். மச்சான் சந்தோஷமாகக் கிளப்பினார். கடற்கரை ரோட்டில் கருவாடு காயப்போட்டிருக்கும் இடத்துக்கு வந்தபோது, என் பக்கத்துக் கொடிகளின் மறைவில் ஓர் ஆடு, குறுக்கே பாய நின்று எங்களைப் பார்த்தது. நான் கயிற்றை ஒரு தடவை, நன்றாக, இழுத்தேன். கொழும்பு ட்ராமில் மணிக்கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நிற்கும். தினமும் அப்படி இறங்கிப் பழகிய கை.

ஒரு இழுப்பு என்றால், நலம், நடக்கட்டும். மச்சான் நம்பி அழுத்தினார். ஆடு புத்திசாலி, தாண்டிவிட்டது. மச்சான் கடைசி நிமிஷத்தில் கண்ணால் பார்த்து வட்டத்தைத் திருப்ப, நாங்கள் அந்தோணியம்மாளின் கருவாட்டின்மேல் ஏறி, கொடிக்கம்பைச் சாய்த்து, வாளைமீன் மாலைகளோடு நின்றோம்.

"ஏலே கொழும்புக்காரா" என்றாள் அந்தோணியம்மாள், இடுப்பில் கை வைத்து. "ஒங்க ஊர்ல கருவாட்ட இப்படித்தான் நசுக்கித் திம்பியளா?"

மச்சான் இறங்கி, ஒரு வாளையை எடுத்து என் கழுத்தில் சரிசெய்து மாட்டினார். "ரோச் இல்ல நீ" என்றார். திட்டவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, "நிக்கதுக்கு ரெண்டு" என்றார்.

அதைச் சொல்லிச் சொல்லித் தெரு சிரித்தது அடங்குவதற்குள், மறுநாளே மோட்டார் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

முந்தின வாரம் அக்காளுக்குக் காய்ச்சலென்று மச்சான் தனியாகப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமம் வரை போயிருக்கிறார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, ஊர் வரை அவர் பின்னாலேயே ஊர்ந்து வந்திருக்கிறது. பஸ்காரர் புகார் எழுதிப்போட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. கொட்டகை வாசலில் தன் காரை நிறுத்தி ஹாரனை அழுத்தினார். பூனைகள் ஓடின. மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் பூசிக்கொண்டே இருந்தார்.

"காது கேக்காதவருக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாதும்மா" என்றார் அக்காளிடம். "வண்டிய வித்துருங்க. இல்லேன்னா காது கேக்குற ஆள் ஓட்டணும்."

அக்காள் கயிற்றைக் காட்டி விவரம் சொன்னாள்.

"கயிறு கட்டி ஓட்ட இது என்ன மாட்டு வண்டியா?"

"மாடுன்னா கயிறு மூக்குல இருக்கும் சார். இது இடுப்புல இருக்கு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். படித்தவன் நீயாவது சொல்லு என்கிற பார்வை. வண்டி போய்விட்டால் மச்சான் மறுபடி அந்தச் சுவர் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது ஒன்றுதான் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு. "சட்டத்தில் என்ன வார்த்தை சார் போட்டிருக்கிறது? ஆண் என்றா?"

அவர் யோசித்தார். "பெர்சன்னுதான் இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் அக்காள்.

"ஆள்" என்றேன்.

"அப்ப நானும் ஆளுதான் சார். எனக்கு நல்லாக் காது கேக்குது. நீங்க ஹாரன் அடிச்சதுக்கு அடுப்படியில இருந்துல்ல ஓடி வந்தேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "பெறகு ஒரு நாள் வாரேன். ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. பாப்போம். அதுவரைக்கும் இவர் வட்டத்துல கை வைக்கக் கூடாது."

மச்சானுக்கு நான்தான் தரையில் எழுதிக் காட்டினேன். படித்தார். காலால் மெதுவாக அழித்தார். கைத் துணியைக் கம்பியில் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார். சாப்பாட்டுக்கும் வரவில்லை. அக்காள் தட்டை மூடி வைத்துவிட்டு, "அத அவரு கையில இருந்து புடுங்கிட்டேனோலே?" என்று கேட்டாள்.

காலையில் கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தோம். பழைய வள்ளப் பலகையில் மூன்று கட்டை செதுக்கி, கிளச்சிலும் பிரேக்கிலும் ஆக்ஸிலேட்டரிலும் வைத்துக் கட்டியிருந்தார். அக்காள் குள்ளம். அவள் கால் எட்டுவதற்கு. சீட்டையும் முன்னுக்குத் தள்ளி, முதுகுக்குப் பாய்த்துணியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது. கட்டைகளின் விளிம்பை மட்டும் இன்னும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார், பாதத்தில் உறுத்தாமலிருக்க.

பிறகு கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் கேக்குதே" என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

"கேக்கும்" என்றார் மச்சான். "மேல யாரு இருக்கா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தோணியம்மாள் வந்துவிட்டாள். "மச்சினன்ல பிடிக்கணும்? புருசன் பிடிக்கலாமா? பொண்டாட்டி சங்கு குளிச்சு எவன் பாத்தான், யாரு பிடிக்கணும்னு சொல்லுதுக்கு?"

நான் அதைச் சைகையில் மச்சானுக்குச் சொன்னேன். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அவ போனா யாரு தனியா நிப்பானோ, அவன் பிடிக்கணும்."

எல்லோருக்கும் கேட்டது. அக்காள் தலையைக் குனிந்து பூனையைத் தேடினாள்.

பிலோமி மணலில் கற்றாள். கியரை அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தே பாதி கற்றிருந்தாள். சிக்கல் மச்சானிடம் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கயிற்றின் கீழ்நுனியில் இருந்தவர். மேல்நுனி அவருக்குப் புதிது. தொய்வாக விடவே அவருக்குத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்ததும் கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து விறைப்பாக்கிவிடுவார். விறைப்பு என்றால் அசையாதே. அக்காள் பிரேக்கை மிதிப்பாள்.

"இந்தாரும்" என்று அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொல்லுவாள். "இப்படிப் பிடிச்சா நான் எங்கன போறது? தொய்வா விடும்."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீரு? எனக்கு மூச்சு முட்டுது."

மச்சான் கையைப் பார்ப்பார். நரம்பு புடைத்திருக்கும். ரோச் எப்படித்தான் அத்தனை வருஷம் தொய்வாக விட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தானோ என்று ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார். "கீழ இருக்கவனுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. அவனுக்கு அவன் வேல. மேல இருக்கவன்தான் பாவம்." அதை மட்டும் எப்படியோ மெதுவான குரலில் சொல்லிவிட்டார்.

கடலுக்கு இந்தப் பக்கம் கொழும்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு பேச்சுக்கும் பதறுகிறவன் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

என் லீவு முடிகிற வாரம், ரோட்டுக்குப் போகலாம் என்று தைரியம் வந்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். அக்காள் நேராக, அழகாக ஓட்டினாள். ஒரு வைக்கோல் வண்டி வந்தது. மச்சான் எட்டிப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தார். அவள் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் பின்னால் பஸ் ஹாரன். அவளுக்குக் கேட்டது, ஓரம் கட்டத்தான் திருப்பினாள். மச்சான் அதே சமயம் திரும்பி பஸ்ஸைப் பார்த்துவிட்டார். கயிறு விறைத்தது. அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பஸ் உரசுகிற தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் சொன்ன வார்த்தைகளை மச்சான் கேட்காமலிருந்தது நல்லது.

இன்ஸ்பெக்டர் முன்னால் இப்படி ஒரு தடவை நடந்தால் போதும். வண்டி போய்விடும். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது: அது தன் கையால் போனது என்று மச்சான் நினைத்துக்கொள்வார்.

நான் புறப்படுகிற அன்று கொட்டகையில் அவரைப் பார்த்தேன். கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டிவிட்டு, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கயிறு தொய்ந்து, பிறகு அவரறியாமல் விறைத்து, பிறகு மெள்ளத் தொய்ந்தது. ஒரு பூனை அதன்மேல் கையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் நாள் குறித்துவிட்டார். என்னால் இருக்க முடியாது. எதிர்வரிசையில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் டெலிபோன் இருந்தது. அன்று மத்தியானம் கொழும்பிலிருந்து கூப்பிடுகிறேன், என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"கூப்பிடும் தம்பி" என்றார் அண்ணாச்சி. "போன விட்டு எழும்ப மாட்டேன். எம் பொஞ்சாதியக்கூட அதத் தொட விடமாட்டேன், ஒமக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். கல்யாணம், சாவு எதற்கும் அவர் டெலிபோனைத் தனியாக விட்டுவிட்டு எழுந்ததில்லை.

குறித்த நாள் வந்தது. கம்பெனி மானேஜரிடம் கெஞ்சி ட்ரங்க் கால் பதிவு செய்தேன். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் தாண்டி லைன் கிடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அண்ணாச்சி எழுந்து போயிருக்கிறார். எதற்கு? ஜீப் நல்லபடியாகத் திரும்பி வந்து, தெருவே வாசலில் கூடி நிற்கிறதா? பாய்த்துணிக் கூரைக்கடியில் அண்ணாச்சியும் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போயிருக்கிறாரா? இல்லை, ரோட்டில் ஏதாவது ஆகி எல்லோரும் அங்கே ஓடியிருக்கிறார்களா? கொட்டகைக்கும் மண்டிக்கும் நடுவே தெரு மட்டும்தான். இந்த மணி மச்சானுக்கு மட்டும் கேட்காது. அக்காள் பக்கத்திலிருந்தால் அவளுக்குக் கேட்கும்.

"பதில் இல்லை. வைத்துவிடட்டுமா?" என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்" என்றேன்.

கையைப் பார்த்தேன். டெலிபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தேன், விறைத்து நின்றது. ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, மேஜைமேல் தொய்வாக விட்டேன்.

அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது.